காகிதத்துக்குக் கிடைத்த குளிர்: ஏ.சி. மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

பைக்கின் பக்கவாட்டில் ஏணியைக் கட்டி, பின்சீட்டில் ஜெட் பம்ப்பையும் கேஸ் சிலிண்டரையும் ஏற்றி, ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு, "இதோ பத்து நிமிஷத்துல வந்துடறேன் சார்" என்று சொல்லியபடியே சென்னையின் கோடையைக் கடத்துகிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். என் வீட்டுக்கு வருகிற தம்பியிடம் நேரிலேயே நன்றி சொன்னேன். அவர் கூச்சப்பட்டு, "அதெல்லாம் எதுக்கு சார், ஃபில்டரை மட்டும் அப்பப்ப கழுவுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார். நான் சொல்ல நினைத்தது அவ்வளவில் அடங்கவில்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

நன்றியை ஏ.சி.க்கே சொல்லலாம், செய்த கம்பெனிக்குச் சொல்லலாம். கம்பெனிக்குப் பணம் கொடுத்தாயிற்று, ரசீதும் பீரோவில் இருக்கிறது. பெட்டியைப் பிரித்தபோது உள்ளே இருந்தது தகரமும் செம்பும் பிளாஸ்டிக்கும். சுவரில் ஓட்டை போட்டு, காப்பர் பைப்பை நசுங்காமல் வளைத்து, நுனியை ஃப்ளேர் செய்து நட்டை முடுக்கி, வேக்யூம் போட்டு, வால்வைத் திறந்து, காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை நீட்டி "வருது சார்" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அது ஏ.சி. ஆயிற்று.

நான் ராயப்பேட்டையில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது வீட்டிலிருந்தே புரூஃப் பார்க்கிறேன். உங்கள் தொழில் பிறந்தது எங்கள் தொழிலின் தொல்லையிலிருந்துதான். உங்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஐ.டி.ஐ.யில் இதற்கு மார்க் கிடையாது.

நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் சாக்கெட் அண்ட் வில்ஹெல்ம்ஸ் என்றோர் அச்சகம் இருந்தது. வண்ணப் படங்கள் அச்சிட்டார்கள். ஒரு நிறத்தை அடித்துக் காயவிட்டு, அதே தாளில் அடுத்த நிறத்தை அடிக்கும் காலம் அது. காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரியும், இறங்கினால் சுருங்கும். முதல் நிறம் வாங்கிய தாள் இரண்டாவது நிறத்துக்கு வரும்போது அதே அளவில் இருக்காது. உதட்டில் விழவேண்டிய சிவப்பு கன்னத்தில் விழும். எங்கள் பாஷையில் 'ரெஜிஸ்டர் அவுட்'. அச்சடித்தவனின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் இதற்கு மருந்து கிடையாது.

பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பொறியாளரிடம் இந்த வழக்கு வந்தது. குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மீது காற்றை ஓடவிட்டு, அதிலுள்ள ஈரத்தை வடித்தெடுத்து, அச்சுக்கூடத்தின் ஈரப்பதத்தை 55 விழுக்காட்டில் நிறுத்தும் ஏற்பாடு ஒன்றை அவர் வரைந்து கொடுத்தார். வரைபடத்தில் உள்ள தேதி 1902 ஜூலை 17. இன்றைய ஏ.சி.யின் பிறந்த நாள் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்த அச்சகத்தில் குளிர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. காகிதம் அளவு மாறாமல் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். பக்கத்தில் வியர்த்து நின்ற தொழிலாளிக்குக் கிடைத்தது காகிதத்தின் மிச்சம்.

எங்கள் அச்சகத்திலும் அதே கதைதான். ஐப்பசி மழையில் ஆர்ட் பேப்பரின் ஓரம் நெளிநெளியாக எழும்பி நிற்கும். மெஷின்மேன் தலையில் கை வைத்துக்கொள்வார். வேலையைச் சிவகாசிக்கு அனுப்பிவிடலாமா என்று முதலாளி யோசிப்பார். அந்த ஊரின் வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாக இருந்ததைப் போலவே அச்சுக்கும் தோதாக இருந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஓர் அறை, அறைக்கு ஒரு விண்டோ ஏ.சி., வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று ஒரு பலகை. வெளியே அச்சுக்கூடத்தில் மை நாற்றமும் புழுக்கமுமாக நாங்கள் நின்றோம். மெஷின்மேன் அடிக்கடி அந்த அறைக்குள் போய் "ஃபிலிம் ரெடியா?" என்று கேட்பார். ரெடியாகியிருக்காது என்பது அவருக்கும் தெரியும். கேட்டுவிட்டு ஒரு நிமிடம் சும்மா நின்றுவிட்டு வருவார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

ஊர் முழுவதும் இதே வரிசைதான். தியேட்டரில் டிக்கெட் விற்பதற்குக் குளிர். ஹோட்டலில் ஏ.சி. ஹால் என்று தனியாக ஒன்று, அதே காபிக்கு அங்கே கூடுதல் விலை. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் வந்தவர்கள் அவசரப்படாமல் இருப்பதற்குக் குளிர். சித்திரை மாதத்தில் தி.நகரில் ஒரு ரவிக்கைத் துணி எடுக்க மத்தியானம் முழுவதும் செலவழித்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். காகிதமும் கம்ப்யூட்டரும் வாடிக்கையாளரும் குளிர்ந்து முடித்த பிறகு, கடைசியாகத்தான் அது தூங்குகிற மனிதனைத் தேடி வந்தது. எதையும் வாங்காத, எதையும் விற்காத, சும்மா படுத்திருக்கிற மனிதன். அவனுடைய படுக்கையறைச் சுவர் வரைக்குமான கடைசித் தூரத்தை அது உங்கள் தோளில் ஏறித்தான் கடந்தது. நான் நன்றி சொல்வது அதற்குத்தான்.

சென்னைக்குக் குளிர் விலைக்கு வந்த கதை இன்னும் பழையது. அச்சகத்திலிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் ஐஸ் ஹவுஸ். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடரின் கம்பெனி 1842-ல் கட்டிய கிடங்கு அது. மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து மெரினாவில் இறக்கினார்கள். வெள்ளைக்காரத் துரைகளின் பானத்துக்கும், வசதியான வீட்டுக் காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கும் அது போயிற்று. இங்கேயே ஐஸ் தயாரிக்கும் வழி வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் அந்தக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம். பஸ்ஸில் டிக்கெட் கேட்பவர்கள் இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் கேட்கிறார்கள்.

"ஒரு டன் போதுமா, ஒன்றரை டன் போட்டுடலாமா சார்?" என்று நீங்கள் அறையை அண்ணாந்து பார்த்துக் கேட்கிறீர்களே, அந்த டன் இந்த ஐஸ் காலத்தின் மிச்சம். பெட்டியின் எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு டன் பனிக்கட்டி, அமெரிக்கக் கணக்கில் 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருகி முடிக்க எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து அள்ளுவது ஒரு டன் ஏ.சி. என் வீட்டில் இருப்பது ஒன்றரை டன். முழு வீச்சில் ஒரு நாள் ஓடினால் சுமார் 1,360 கிலோ பனிக்கட்டி செய்யும் வேலை. டியூடர் காலத்தில் அவ்வளவு ஐஸை ஒரு குமாஸ்தாவின் வீட்டில் யாராவது இறக்கியிருந்தால், காலையில் போலீஸ் வந்து நின்றிருக்கும்.

வெளியூர்க்காரர்கள் சென்னை வெயிலைப் பற்றிக் கேட்டால் நாம் டிகிரி சொல்கிறோம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. கத்திரி முடிந்துவிட்டது என்று பஞ்சாங்கம் சொல்லி முடித்த பிறகு வந்த வெயில் அது. ஆனால் நம்மைச் சாய்ப்பது டிகிரி மட்டுமல்ல என்று உங்களுக்குத் தெரியும். மேற்குக் காற்று ஓங்கி, கடற்காற்று கரையேற முடியாமல் நிற்கிற நாளில் வெயில் சுடும், ஆனால் வியர்வை காயும். கடற்காற்று நுழைந்ததும் டிகிரி இறங்கும், ஈரம் ஏறும். ராத்திரி பதினோரு மணிக்கு 31 டிகிரியும் எழுபதைத் தாண்டிய ஈரப்பதமுமாக ஊர் புழுங்கும். மொட்டைமாடிக் கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை அப்போதுதான் கீழே இறக்கத் தொடங்கும்.

உடம்பு தன்னைக் குளிர்விக்க வைத்திருக்கும் வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மீதே முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று அதை வாங்கிக்கொள்வதில்லை. வியர்வை வழிந்து தலையணையில் இறங்கும், உடம்பு ஆறாது. மின்விசிறி அந்தக் காற்றையேதான் திரும்பத் திரும்பத் தள்ளும். வெட்டிவேர்த் தட்டியும் ஏர் கூலரும் காற்றில் ஈரத்தைச் சேர்த்துக் குளிர்விப்பவை. உள்நாட்டின் வறண்ட ஊர்களில் அவை பிழைக்கும். கடலோரத்தில் சாயங்காலத்துக்குப் பிறகு கூலர் போட்டால் பாயே பிசுபிசுக்கும்.

ஏ.சி. மட்டும் எதிர்த்திசையில் போகிறது. இன்டோர் யூனிட்டின் சில்லிட்ட காயிலில் பட்டதும் காற்றிலுள்ள நீர் துளிர்த்து வடிகிறது. டிரெய்ன் பைப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் வரும் நாள்கள் உண்டு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசை கட்டியபோது, அந்தப் பைப்பின் கீழே வாளி வைத்துத் தரை துடைத்த வீடுகள் பல, எங்கள் வீடும் அதில் ஒன்று. அந்த வாளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு கேரியரின் காகிதம் நினைவுக்கு வரும். காகிதத்திலிருந்து எடுத்த ஈரத்தை ஏ.சி. இப்போது என் அம்மாவின் கழுத்திலிருந்து எடுக்கிறது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதைத் தாண்டியவர். வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது, வியர்வையும் சரியாகச் சுரக்காது. உடம்பின் சூடு மெல்ல ஏறுவது பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரிவதில்லை. ஏ.சி. வருவதற்கு முன், வைகாசி இரவுகளில் அவர் படுக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கட்டிலிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து வாசற்படிக்கு. விடியற்காலையில் முதுகு முழுக்க வேர்க்குருவோடு, "நான் தூங்கினேன்டா, நீ போய்த் தூங்கு" என்பார்.

ஏ.சி. மாட்டிய புதிதில் அவர் அதோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. "நமக்கெதுக்குடா இந்த ஆடம்பரம்? காசைக் காத்துல விடறே" என்றார். முழங்கால் வலிக்கும், சளி பிடிக்கும் என்றார். ஒன்பதரை மணிக்குப் போட்டால் பத்து மணிக்கு அணைக்கச் சொல்வார். சில வாரங்கள் போயின. பிறகு ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போதே, "போட்டாச்சா? ரூம் ஆற நேரம் ஆகுமே" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆடம்பரம் என்ற பேச்சு கிடையாது. விடிந்தும் அவர் எழுந்திருக்காத முதல் நாள் நான் பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். அவர் குறட்டை விட்டார்.

எங்கள் வீட்டில் ஒரே ஏ.சி.தான். அதனால் மே மாதம் முழுவதும் வீடே ஓர் அறைக்குள் வந்துவிடுகிறது. அம்மாவுக்குக் கட்டில், மற்றவர்களுக்குத் தரையில் மெத்தை, லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகளுக்கு இண்டு இடுக்குகளில் பாய். ஏ.சி. வந்தால் ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொள்வார்கள், குடும்பம் சிதறும் என்று சொல்பவர்கள் ஒரு ஏ.சி. உள்ள வீட்டைப் பார்த்ததில்லை. ரிமோட் யார் கையில் என்பதில் சண்டை, கதவைச் சாத்தாமல் போனவனுக்கு வசவு, நடுராத்திரியில் போர்வை இழுபறி, விளக்கணைத்த பிறகு அம்மா எடுத்துவிடும் ஊர்க்கதைகள். திண்ணையை நாம் இழந்தது உண்மை. மொட்டைமாடித் தூக்கத்தை இழந்ததும் உண்மை. திண்ணை போனது வீட்டுமனை விலையால். மாடித் தூக்கம் போனதில் கொசுவுக்குப் பங்குண்டு. அந்தப் பழியை உங்கள் மேல் போட நான் தயாரில்லை.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் மிகச் சூடான அறை சமையலறை, அங்கே ஏ.சி. கிடையாது. எல்லோருக்கும் தோசை வார்த்து, பாத்திரம் ஒழித்து, பாலை மூடிவைத்துவிட்டு, குளிர்ந்த அறைக்குள் கடைசியாக நுழைகிறவர் என் மனைவி. அவர் நுழையும்போது மற்ற எல்லோரும் தூங்கியிருப்பார்கள். குளிருக்கு நேரெதிரே உள்ள இடம் அவருக்கென்று இப்போது ஒதுக்கியிருக்கிறோம். இரவுப் பாத்திரங்கள் என் பொறுப்பு. ஏ.சி. மாட்ட ஒரு நாள் போதும். அந்தக் குளிரை வீட்டுக்குள் பங்கு வைப்பதை நாங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி உங்கள் வேலையைப் பற்றி. புரூஃப் பார்க்கிறவனுக்கு அடுத்தவர் வேலையைக் கூர்ந்து பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு.

ஒரு கோடையில் குளிர் குறைந்தது. முதலில் வந்தவர் காயிலைக்கூடப் பார்க்காமல் "கேஸ் தீர்ந்துடுச்சு சார்" என்று கேஸ் அடித்துவிட்டுப் போனார். அவர் எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். ஒரு மாதத்தில் மறுபடியும் அதே கதை. அப்புறம் வந்த தம்பிதான் உட்கார்ந்து சொன்னார்: "சார், கேஸ் செலவாகிற பொருளே இல்ல. மூடின பைப்புக்குள்ள சுத்திச் சுத்தி வரும். குறைஞ்சிருந்தா எங்கயோ லீக். அதைக் கண்டுபிடிக்காம கேஸ் அடிச்சா உங்க காசும் போகும், காத்தும் கெடும்." பிரஷர் ஏற்றி, சோப்பு நுரை தடவி, ஒரு மூட்டில் குமிழி வருவதை எனக்கே காட்டினார். அதை அடைத்து, வேக்யூம் போட்டு, எடை பார்த்துக் கேஸ் ஏற்றினார். அவர் என்னிடம் வாங்கிய தொகை முதல் ஆள் வாங்கியதைவிட அதிகம். மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். லீக் எங்கே என்று காட்டிய பிறகு பேரம் பேச வாய் வரவில்லை.

இந்த ஊரின் காற்றை உங்களைப் போல் படித்தவர்கள் குறைவு. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் உப்புக்காற்று அவுட்டோரின் தகட்டை எப்படி உதிர்க்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கூவத்தின் ஓரமும் பக்கிங்காம் கால்வாயின் ஓரமும் சாக்கடை வாயு செம்பை எப்படிக் கறுக்க வைக்கிறது என்பது தெரியும். புறாக்கூடு எந்தத் தெருவில் அதிகம், லோ வோல்டேஜ் எந்த டிரான்ஸ்பார்மரில், எந்தக் குடியிருப்பில் பில்டர் அவுட்டோருக்கு இடமே விடாமல் கட்டியிருக்கிறார் என்பதெல்லாம் உங்கள் விரல் நுனியில். வாடகை வீட்டுக்காரர்களின் கஷ்டமும் தெரியும். சுவரில் ஓட்டை போட ஹவுஸ் ஓனரிடம் கெஞ்சி, பதினோரு மாத அக்ரிமெண்ட் முடிந்து வீடு மாறும்போது, பம்ப் டவுன் செய்து கேஸை அவுட்டோருக்குள் பூட்டி, கழற்றி, புது வீட்டில் மறுபடி மாட்டிக் கொடுக்கிறவர்கள் நீங்கள்தான். அந்தக் கேஸைச் சும்மா காற்றில் திறந்துவிடுவது சுலபம். அப்படி விடாத ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு கும்பிடு. பழைய ஆர்-22 ஒரு கிலோ வெளியே போனால், புவியைச் சூடேற்றுவதில் அது சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். புதிய ஆர்-32 கூட 675 கிலோவுக்குச் சமம். 1987-ல் மான்ட்ரியலிலும் 2016-ல் கிகாலியிலும் இப்படிப்பட்ட வாயுக்களைக் கட்டுப்படுத்த நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தங்கள் கடைசியில் காப்பாற்றப்படுவது உங்கள் ஸ்பேனர் நுனியில்தான்.

என் வீட்டுக்கு வரும் தம்பி விழுப்புரம் பக்கத்துக்காரர். அவரோடு வருகிற உதவியாள் ஒடிசாவிலிருந்து வந்து, 'அவுட்டோர் எங்கே அங்கிள்' என்று தமிழில் கேட்கிற அளவுக்குத் தேறியிருக்கிறார். உங்கள் ரூமில் ஏ.சி. உண்டா என்று ஒரு தடவை கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "நாலு பேருக்கு ஒரு ஃபேன் சார். அதுக்கே கண்டென்சர் மாத்தணும், நேரம் இல்ல" என்றார் தம்பி.

அந்தச் சிரிப்பை விட்டுவிட்டு நன்றி சொன்னால் அது பாதி நன்றிதான். குளிர் எங்கிருந்தும் புதிதாக உண்டாவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே போடுவதுதான் இந்த இயந்திரத்தின் வேலை. அள்ளிய சூட்டோடு, தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்தே போடுகிறது. ஒன்றரை டன் அவுட்டோர் முழு வீச்சில் ஓடும்போது ஆறு கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் தெருவுக்குப் போகிறது. அது எதிர்வீட்டு ஜன்னலுக்குப் போகிறதா, கீழே இஸ்திரி வண்டிக்காரரின் தலைக்குப் போகிறதா என்பதை மாட்டும்போதே பார்க்கிறவர் நீங்கள்தான். "இந்தப் பக்கம் திருப்பி மாட்டினா பத்து அடி பைப் கூட ஆகும் சார், ஆனா பக்கத்து வீட்டுக்குச் சூடு அடிக்காது" என்று நீங்கள் சொல்லும்போது, அந்தப் பத்து அடிக்குக் காசு கொடுப்பது எங்கள் கடமை.

கரண்டுக்கும் அதே நியாயம். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த இரவுகளில் ஃபியூஸ் போன டிரான்ஸ்பார்மரில் ஏறிய லைன்மேன்களும் இந்த நன்றியில் பங்காளிகள். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை உள்ள எல்லா ஏ.சி.யும் 24 டிகிரியில்தான் தொடங்கும்படி விதி இருக்கிறது. எங்கள் வீட்டில் 26-ல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுகிறோம். ஈரம் வடிந்துவிட்டால் 26 டிகிரியே தாராளம் என்று சொல்லிக் கொடுத்தவரும் உங்களில் ஒருவர்தான். 18-ல் வைத்து ரஜாய் போர்த்திக்கொள்பவர்களிடம் நீங்கள் இன்னும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசலாம். உங்கள் பேச்சைக் கேட்பார்கள், எங்கள் பேச்சை ஈ.பி. பில் வரும்வரை கேட்க மாட்டார்கள்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு அறிவித்தது 2024-ல். மறு ஆண்டு ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு வழியில் ஏ.சி. மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் உணவு டெலிவரி செய்யும் பிள்ளைகள் சற்று உட்கார அண்ணா நகரில் மாநகராட்சி ஓர் ஏ.சி. ஓய்வறை திறந்தது. சின்ன விஷயங்கள்தான். ஆனால் வாடிக்கையாளராக இல்லாத மனிதனுக்கும் குளிர் உண்டு என்று ஊர் ஒத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. இந்த வரிசையில் அடுத்து வரவேண்டியது ஏ.சி. மாட்டுகிறவர்களின் ரூம் என்பது என் கட்சி.

இந்த மடலை உங்கள் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்துப் படிக்கிற மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். சர்வீஸுக்கு மாசியிலேயே கூப்பிடுங்கள். கத்திரியில் கூப்பிட்டு "இன்னிக்கே வரணும்" என்று குதிக்காதீர்கள். வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள், பிறகு அவுட்டோரைக் காட்டுங்கள். ஸ்டாண்டில் இருநூறு ரூபாய் குறைக்கப் பார்க்காதீர்கள், அதில் கால் வைத்து நிற்பவர் ஓர் ஆள். புது அடுக்ககம் வாங்குவோர், மாடுலர் கிச்சன் எங்கே என்று கேட்பதற்கு முன் அவுட்டோரைக் கையெட்டும் இடத்தில் வைக்கப் பால்கனியோ மேடையோ உண்டா என்று கேளுங்கள். நான்கு பேர் கேட்டால் ஐந்தாவது கட்டடத்தில் பில்டர் வைப்பார்.

தம்பிகளே, கடைசியாக ஒன்று. மூன்றாவது மாடி ஜன்னலைத் தாண்டி, ஒரு சாண் அகலச் சன்ஷேடில் இறங்கி, கிரில்லை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டைக் கழற்றுகிறீர்கள். "பழக்கம் சார், ஒண்ணும் ஆகாது" என்கிறீர்கள். அச்சகத்தில் கட்டிங் மெஷினில் விரலைக் கொடுத்தவர்கள் எல்லோரும் பழக்கப்பட்டவர்கள்தான். பழகாதவன் விரலைத் தள்ளியே வைப்பான்.

வருகிற மாசியில் போன் செய்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன் வாருங்கள், மோர் தயாராக இருக்கும். சேஃப்டி பெல்ட்டும் கயிறும் கொண்டு வாருங்கள். உங்களிடம் இல்லையென்றால் சொல்லுங்கள், இந்த ஆண்டு பில்லில் அதையும் ஒரு பொருளாகச் சேர்த்து நானே வாங்கி வைக்கிறேன், அடுத்த வீட்டுக்கும் எடுத்துப் போங்கள். பெல்ட் இல்லாமல் சன்ஷேடில் கால் வைத்தால் கையோடு மேலே ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவேன். அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். "ஒரு வாரம் வேர்த்தா செத்தா போயிடுவேன்? அந்தப் புள்ளைய ஒழுங்கா வரச் சொல்லு" என்றார்.

ராயப்பேட்டையிலிருந்து,
ஒரு பழைய அச்சகத்தான்